தோற்றவன் எப்படிப் போனான்

உடையார்கட்டு
30.01.2024

அன்பு மகன் ரஜிதனுக்கு,

வற்றாப்பளை அம்மன் உன்னை நோய்நொடி அண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும். நான் இருக்கிறேன். வலது கால் மட்டும் விடியற்காலையில் எழும்ப மறுக்கிறது. வெயில் ஏறினால் நடக்கும். எப்போதும் போல நான் சொல்லச் சொல்ல உன் மச்சாள் ராஜினி எழுதுகிறாள்.

நேற்றுத் திங்கட்கிழமை விடியப் பெரிய காட்சி. அமெரிக்காவில் அது ஞாயிறு இரவாம். பிரதீபனின் தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வெட்டு மெசின் வரும்வரை காத்திருந்த வயல்காரரும் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

முழங்கால்காரன் முதலில் வந்தான். நீ பள்ளிக்கூடம் போகிற நாளில் இருந்து உனக்குப் பிடித்தவன். அவனுடைய இங்கிலீஷ் பெயர் என் வாயில் வராது. இரண்டு முழங்காலிலும் கறுப்புக் கட்டு. முன்பு மேல் கயிற்றால் பாய்ந்து உள்ளே வருகிறவன், நேற்று நடுக்கயிற்றுக்குக் கீழால் குனிந்து புகுந்தான். மற்றவன் தாடிக்காரன். மணி அடிக்க முதலே அடித்தான். இடது முழங்காலை இரும்புக் கம்பத்தோடு சுற்றி இழுத்தான். நடுவர் தரையில் தட்டி எண்ணினார். முதல் முறை இரண்டு எண்ணும்போது தோளைத் தூக்கினான். அடுத்த முறை தூக்கவில்லை. முழங்கால்காரன் தோற்றான்.

"ஐயா, இதெல்லாம் பேசி வச்சுக்கிட்டு விழுறதுங்க" என்றான் பிரதீபன்.

"பேசி வைச்சு விழுந்தா நோகாதோடா? நீ ஒருக்காப் பேசி வைச்சிட்டு இந்தக் கூரையால விழுந்து காட்டு பாப்பம்" என்றேன். கடை முழுக்கச் சிரித்தது.

தோற்றவன் எப்படிப் போனான் என்று கேட்பாய். வென்றவன் போகும்வரை படுத்திருந்தான். பிறகு எழும்பினான். வெள்ளைச் சட்டை போட்ட இருவர் தோள் கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டு நடந்து போனான். திரையில் எழுத்து ஓடத் தொடங்கிய பிறகும் முதுகு தெரிந்தது. பிரதீபன் சனலை மாற்றப் போனான். நான் விடவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


21.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? நான் சுகம். இருமல் போய்விட்டது.

இங்கே தொலைக்காட்சியில் செய்தியும் சிங்கள நாடகமும்தான். அதனால் உங்கள் கடிதம் வந்தால் எங்கள் அறையில் எல்லோரும் சுற்றி இருப்பார்கள், நான் சத்தமாக வாசிப்பேன். ஆனால் அதற்கு முன் தனியாக ஒருமுறை வாசிப்பேன், கடைசியில் இருந்து. தோற்றவன் எப்படிப் போனான் என்பதுதான் எனக்கு முதலில் வேண்டும். வென்றவனைப் பற்றி யாரும் சொல்வார்கள்.

வழக்கை மறுபடி தள்ளிப் போட்டுவிட்டார்கள். அதில் எழுத ஒன்றுமில்லை.

ராஜினியின் தையல் மெசினைத் திருத்தியாயிற்றா? அவளுக்கு நான் தனியாக எழுதுவதில்லை. இதை உங்களுக்கு வாசித்துக் காட்டப் போவது அவள்தானே, அதுவே போதும் என்றுதான்.

அவளுடைய அம்மா அன்னபாக்கியம் மாமிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

ரஜிதன்


உடையார்கட்டு
28.02.2024

அன்பு மகனுக்கு,

உன் இருமல் போனது கேட்டு மனம் ஆறியது. இங்கே அறுத்துச் சூடு அடித்து முடிந்தது. நெல்லு ஈரம்.

திங்கட்கிழமைக் காட்சியில் முழங்கால்காரன் குத்துக்கு வரவில்லை. ஊன்றுகோலோடு வந்து மைக்கில் கதைத்தான். எனக்குப் பாஷை விளங்காது. கடைக்கு வந்த மாஸ்டர் ஒருவர் சொன்னார், இந்த வருடத்தோடு அவன் சண்டையை விடப் போகிறானாம். செப்டெம்பரில்தான் கடைசிக் குத்து. அவன் கதைத்துக்கொண்டு நிற்கத் தாடிக்காரன் பின்னால் வந்து ஊன்றுகோலைப் பறித்து அவனையே அடித்தான். ஏப்ரல் முதலில் இரும்புக்கூடு இறக்குவார்கள். தாடிக்காரனும் முழங்கால்காரனும் உள்ளே. வெளியே இருந்து கதிரையோடு இன்னும் ஆட்கள் வரக்கூடும். அது திங்கள் விடிய நடக்கும். நாங்கள் எல்லோரும் பிரதீபன் கடையில் கூடியிருப்போம்.

அடி வாங்கியவன் தவழ்ந்துதான் போனான். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போனான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

(மாமா சொல்லாததை நானாக எழுதுகிறேன். மெசின் திருத்தியாயிற்று. நேற்று அம்மா மாமாவிடம், "அண்ணை, பெட்டைக்கு முப்பத்தி நாலு ஆகுது. பேசி வைச்ச கலியாணம் பேச்சாவே கிடக்குது. உங்கட மோன் எப்ப வாறது, நான் எப்ப தாலியைக் காணுறது?" என்று கேட்டா. மாமா, "கூடு இறக்குற மாசம் வருது" என்றார். அம்மா அகப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனவ, வெளியில் வரவேயில்லை. சிரியுங்கள் என்றுதான் எழுதினேன். - ராஜினி)


16.04.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வருடப்பிறப்பு நல்லபடி போயிருக்கும். நான் சுகம்.

உங்கள் கடிதம் எனக்கு நேற்றுத்தான் கிடைத்தது. அதற்கு முன் என்னைச் சிறை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கடிதத்தில் பாதி வரிக்குக் கீழ் சிவப்புக் கோடு. தாடிக்காரன் யார், கூடு எங்கே இறக்குவது, திங்கள் விடியக் கடையில் கூடுகிறவர்கள் எத்தனை பேர். றெஸ்லிங், தொலைக்காட்சியில் போடுகிற மல்யுத்தம் என்றேன். வயதுபோன ஒருவர், எழுத வாசிக்கத் தெரியாதவர், இவ்வளவு நுணுக்கமாகச் சொல்வாரா என்று கேட்டார்கள். அதற்கு நான் என்ன சொல்வது? நீங்கள் அப்படித்தான். கடைசியில் தந்துவிட்டார்கள்.

அறையில் இப்போது இதுதான் பகிடி. யாராவது காணவில்லை என்றால், "தாடிக்காரனைப் பிடிச்சிட்டாங்களாம்" என்கிறார்கள்.

ராஜினிக்குச் சொல்லுங்கள்: கடிதத்தை அவர்களுக்குச் சிங்களத்தில் மொழிபெயர்த்தவர் அவளுடைய எழுத்து அச்சுப் போல இருக்கிறது என்றாராம். அவள் எழுதிய கடைசிப் பகுதியை நான் மற்றவர்களுக்கு வாசிக்கவில்லை.

கூட்டுக்குள் என்ன நடந்தது?

ரஜிதன்


உடையார்கட்டு
06.05.2024

அன்பு மகனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்றே நினைக்கிறேன். என் கால் அப்படியே. இதை எழுதுவது தேநீர்க்கடைப் பிரதீபன். ராஜினிக்குத் தையல் வேலை கூட.

கூட்டுக்குள் முழங்கால்காரன் வென்றான். அடித்து வென்றான் என்று சொல்ல முடியாது. கூட்டின் மேல் விளிம்பில் இருந்து தாடிக்காரன் தள்ள, வெளிப்பக்கம் விழுந்தான். வெளியில் முதலில் கால் வைக்கிறவன்தான் வென்றவன் என்பது சட்டமாம். விழுந்தவனின் கையைத் தூக்கிப் பிடித்தார்கள். அவனுக்கு நினைவு இருந்ததா தெரியாது.

தாடிக்காரன் கூட்டுக்குள்ளேயே இருந்தான். கதவைத் திறந்துவிட்டும் வெளியே வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அப்படியே காட்சி முடிந்தது.

கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

அப்பா


ஓமந்தை
12.06.2024

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

நான் இங்கே பெரியம்மா வீட்டில் நலம். கால் வலிக்கு நொச்சி அவித்து ஊற்றுங்கள். பிரதீபன், இதை வாசிக்கப் போவது நீ என்று தெரியும். கடைக்குள் வைத்து வாசிக்காதே. மாமா வீட்டுக்கு வந்து வாசி.

மாமா, அந்த இரண்டு பேரும் கடிதத்தைப் பற்றி விசாரிக்க வந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. "தாடிக்காரன் எங்க இருக்கிறான்?" என்று பெரியவர் கேட்டார். "அமெரிக்காவில, தம்பி" என்றீர்கள். "முழங்கால்காரன்?" "அவனும் அங்கதான், பாவம்." "கூடு எப்ப இறக்குவினம்?" "அது இறக்கி முடிஞ்சுது. நீங்கள் பிந்தி வந்திட்டியள்." சின்னவர் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். நீங்கள் தை மாதக் காட்சியில் இருந்து ஒவ்வொரு பிடியாகச் சொல்லி முடிக்க, அவர்களுக்கு வைத்த தேத்தண்ணி ஆறிவிட்டது. எல்லாம் றெஸ்லிங் என்று அவர்களுக்கும் விளங்கியது. ஆனாலும் "எழுதினது ஆர்?" என்று கேட்டு என் அடையாள அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

நீங்கள் வயலுக்குப் போயிருந்த நேரங்களில் பிறகும் வந்தார்கள். என்னை மட்டும் கேட்டார்கள். அவருக்கும் எனக்கும் என்ன தொடர்பு, எதற்காகக் காத்திருக்கிறேன் என்று. எதற்கு என்று சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இருக்கவில்லை. அவர்கள் போன பிறகும் யோசித்துப் பார்த்தேன். அப்போதும் இருக்கவில்லை. அம்மா பயந்துதான் என்னை இங்கே அனுப்பினா.

சம்பந்தம் வந்தது இங்கேதான். பெயர் நிரஞ்சன். அரிசி ஆலையில் மெசின் பார்க்கிறவர். அதிகம் கதைக்க மாட்டார். நான் ஓம் என்றேன். அம்மா சொல்ல வைத்ததில்லை, நானே சொன்னது. ஆவணியில் நாள் வைத்திருக்கிறார்கள். அழவில்லை மாமா. அழுகை வரவில்லை.

அவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். றெஸ்லிங் சொல்கிற மாதிரிச் சொல்லுங்கள்: ஆர் முதலில் வந்தது, ஆர் விழுந்தது என்று. அப்படிச் சொன்னால்தான் அவர் தாங்குவார்.

தாய்மாமன் நீங்கள் வந்துதான் எனக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். வருவீர்களா?

ராஜினி


24.06.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வெயில் நேரம் வயலில் நிற்காதீர்கள். நான் சுகம்.

பிரதீபனின் எழுத்து, தேத்தண்ணிக் கோப்பை வைத்து எடுத்த அடையாளம் போல வட்டம் வட்டமாக இருக்கிறது. அவனுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் ராஜினிக்குச் சுகமில்லையா? தையல் வேலை முன்பும் இருந்தது. அப்போதும் எழுதினாள். அந்தக் கடிதத்தால் அவளுக்கு ஏதும் கரைச்சல் வந்ததா? அப்படி ஒன்று இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

செப்டெம்பர்க் கடைசிக் குத்தை இங்கே எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறோம். அவன் வென்று போவானா, தோற்றுப் போவானா என்று அறைக்குள் இரண்டு கட்சி. நான் எந்தக் கட்சியும் இல்லை. உங்கள் கடிதம் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ரஜிதன்


உடையார்கட்டு
04.09.2024

அன்பு மகனுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். ராஜினியும் சுகம்.

திங்கட்கிழமை முழங்கால்காரனின் கடைசிக் குத்து. நல்ல குத்து. தாடிக்காரன் நன்றாக அடித்தான். முழங்கால்காரன் திருப்பி அடித்தான். கடைசியில் முழங்கால்காரன் வென்றான். சனம் எல்லாம் எழும்பி நின்று கை தட்டியது. அவனுக்குச் சந்தோஷம்.

மழை இன்னும் இல்லை. நீ சுகமாய் இரு.

அப்பா


07.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் காலுக்கும் சுகம் கேட்கிறேன். நான் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அறையில் வாசித்தேன். வெல்லுவான் என்ற கட்சிக்காரர் பாத்திரத்தைத் தட்டிப் பாட்டுப் பாடினார்கள். அந்தச் சத்தத்துக்கு வந்த காவலர், இளம் ஆள், எதற்கு என்று கேட்டார். சொன்னோம். அவர் சிரித்தார். அவரும் அந்தக் காட்சியை வீட்டில் பார்த்தவராம். முழங்கால்காரன் தோற்றுவிட்டான் என்றார். வலது முழங்கால் மடிந்து விழுந்ததை எங்களுக்குக் கதவுக்கு வெளியே நின்று செய்தே காட்டினார். தோற்ற பிறகு அவன் இரண்டு முழங்கால் கட்டையும் அவிழ்த்து மேடை நடுவில் வைத்துவிட்டு, வெறும் முழங்காலோடு இறங்கிப் போனானாம்.

"உங்கட அப்பாவுக்கு வயசு போட்டுது, மறந்திட்டார்" என்றான் ஒருவன். எங்கள் வளவுப் பலாமரத்தில் ஷெல் பட்டது எந்தக் கொப்பு என்று இன்றைக்கும் கையை நீட்டிக் காட்டுகிறவர் என்றேன்.

நீங்கள் மறக்கவில்லை. கடிதத்தைக் கடைசியில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். தோற்றவன் எப்படிப் போனான் என்பது அதில் இல்லை. இத்தனை வருடத்தில் அது இல்லாமல் ஒரு கடிதம் வந்ததில்லை. முழங்கால்காரன் தோற்றதை எத்தனையோ தரம் எனக்குச் சொன்னவர் நீங்கள். இந்த முறை மட்டும் அவனை வெல்ல வைத்திருக்கிறீர்கள். ராஜினியைப் பற்றி நான் கேட்டதற்கும் சுகம் என்ற ஒரு சொல்தான். அப்படியென்றால் எனக்குச் சொல்ல முடியாமல் உங்களிடம் வேறு ஒன்று இருக்கிறது.

ராஜினிக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. அப்படித்தானே அப்பா?

எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இதை யோசித்துப் பிடித்த அன்றும் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தேன். சாப்பிட்டேன். பருப்பில் உப்பு இல்லை என்பதுகூடத் தெரிந்தது.

இனித் தோற்றதைத் தோற்றது என்றே எழுதுங்கள். அந்தக் கலியாணத்தையும் எழுதுங்கள். ஆர் முதலில் வந்தது, எந்த வாசலால், என்ன உடுப்பு, எல்லாம். ஒன்றும் விட வேண்டாம்.

ரஜிதன்


உடையார்கட்டு
28.10.2024

அன்பு மகன் ரஜிதனுக்கு,

அம்மன் உன்னோடு நிற்கட்டும். மழை தொடங்கிவிட்டது. விதைத்தாயிற்று. பிரதீபன் கடையைச் சாத்திவிட்டு வந்து இருந்து எழுதுகிறான். அவன் போன கடிதம் எழுதிய அன்றைக்கே, "ஐயா, இது தப்புங்க" என்றவன். "நீ எழுது" என்று சொன்னது நான்.

ஓம். முழங்கால்காரன் தோற்றான். காவலர் சொன்னது சரி, வலது முழங்கால்தான். கட்டு அவிழ்த்ததும் சரி. ஆனால் முதலில் இடதுகால் கட்டை அவிழ்த்தான், அது முடிச்சு விழுந்து பல்லால் கடித்தான். அதைக் காவலர் சொன்னாரோ தெரியாது.

இனிக் கலியாணம். ஓமந்தையில் பிள்ளையார் கோயில் மண்டபம். ஆவணி மாதம், வியாழக்கிழமை.

காலையில் பெரியம்மா வீட்டில் ராஜினியைக் கிழக்குப் பார்த்து இருத்தி, பாலும் அறுகும் தலையில் வைத்தார்கள். சுமங்கலிகள் வைத்து முடிய என்னைக் கூப்பிட்டார்கள். நான் தேங்காயோடு கிட்டப் போக, அவள் தலை நிமிராமல், "மாமா, சொல்லிட்டியளோ?" என்றாள்.

"ஓம், சொல்லிட்டன்" என்றேன்.

"என்ன சொன்னவர்?"

"நல்லா இருக்கட்டாம் எண்டவன்."

அவள் தலையை ஆட்டினாள். பால் கண்ணுக்குள் வடிந்தது, துடைத்தாள். நீ சொல்லாததை உன் வாயில் வைத்துச் சொன்னேன் மகன். அதன் பிறகு உனக்கு எழுத வந்தபோது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் போய்விட்டது. தேங்காய் உடைத்தேன். நேராக இரண்டாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்றார்கள். உன் மாமி அன்னபாக்கியம் என் பக்கம் பார்க்கவில்லை, செம்பைத்தான் பார்த்தாள்.

மண்டபத்துக்கு முதலில் மாப்பிள்ளை வந்தார். தெருப்பக்க வாசல். தலைப்பாகை கொஞ்சம் பெரிது, நெற்றிக்கு இறங்கியது. தோழன் இரண்டு தரம் தூக்கி வைத்தான். கறுத்த, மெலிந்த ஆள். விரல் நகத்துக்குள் மெசின் எண்ணெய் தெரிந்தது. தேய்த்துக் கழுவியும் போகவில்லைப் போல. என் காலில் விழுந்தார். தூக்கிவிட்டேன்.

பிறகு ராஜினி வடக்கு வாசலால் வந்தாள். அரக்குக் கூறைச்சேலை. நடை ஒரே சீர். மணவறைப் படியில் மட்டும் நின்று, சேலையைத் தூக்கிப் பிடித்து, வலது காலை முதலில் வைத்தாள். மேளம் உச்சத்துக்குப் போகத் தாலி கட்டினார். மூன்றாம் முடிச்சும் விழுந்தது. அரிசி போட்டேன். அவள் நிமிர்ந்து சனத்தை ஒருமுறை பார்த்தாள். அழவில்லை. சிரித்தாளா என்றால், கமெராக்காரன் சொன்னபோது சிரித்தாள்.

சமையல் நன்று. பூசணிக்காய்க் கறியில் மட்டும் உறைப்புக் கூட.

தோற்றவன் எப்படிப் போனான் என்று கேட்பாய்.

பந்தியில் எனக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. வேட்டி கட்டிய ஒருவர் வந்து, "இதில ஆள் இருக்கோ?" என்று கேட்டார். "ஓம், ஆள் இருக்கு" என்றேன். அவர் அடுத்த வரிசைக்குப் போனார். பரிமாற வந்த பெடியன் அந்த இடத்துக்கும் ஓர் இலை போட்டு, சோறும் கறியும் வைத்துக்கொண்டு போனான். நான் தடுக்கவில்லை. நான் சாப்பிட்டு முடியும்வரை அது அப்படியே இருந்தது. எழும்பும்போது இரண்டு இலையையும் நானே மடித்தேன்.

பிறகு மணமக்களிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். மாப்பிள்ளையின் தம்பி மோட்டார்சைக்கிளோடு வாசலில் நின்றான். "ஏறுங்கோ ஐயா, பஸ்ஸடியில விடுறன்" என்று என் தோளைப் பிடித்தான். "வேண்டாம் தம்பி, நான் நடக்கிறன்" என்றேன். ஏ-ஒன்பது ரோட்டு வரை நடந்தேன். அப்போது வெயில் ஏறியிருந்தது. கால் நடந்தது.

அப்பா